தண்ணிக்குப் போன இரண்டு கிலோ

உடம்பைக் குறைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. குறைத்த உடம்போடு ஒரு பேரவையில் அங்கத்தவராக இருப்பதுதான் கஷ்டம். மாத்தளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் யஹ்யா இதைத் தெரிந்துகொண்டபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. எடையும் அவ்வளவுதான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எழுபத்திரண்டு.

அதற்கு முந்திய வருடம் தொண்ணூற்றாறு. கடையின் மேல்தட்டுக்கு ஏணியில் ஏறினால் ஏணியும் முனகும், அவரும் முனகுவார். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். முழங்கால் மடங்காமல், பள்ளியில் கடைசி வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்து தொழுதார். எண்பது வயதுக் கிழவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் அவருடைய கதிரை. அவர்களில் ஒருவர் ஒருநாள், “உங்களுக்கு என்ன வயசு தம்பி?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் இருமினார். மறுநாளே யஹ்யா மலைநாட்டு ஆதிமனித உணவுப் பேரவையில் சேர்ந்துவிட்டார்.

பேரவை ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்குக் கூடும். கொள்கை எளிமையானது. கற்காலத்து மனிதன் தின்னாததைத் தின்னக்கூடாது. சோறில்லை, ரொட்டியில்லை, பருப்பில்லை, சீனியில்லை, கிழங்கில்லை. முட்டை உண்டு, இறைச்சி உண்டு, கீரை உண்டு, தேங்காய் உண்டு, எண்ணிப் பார்த்துப் பாதாம் உண்டு. தலைவர் பஸீர் சேர், கல்வித் திணைக்களத்தில் முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதி ஓய்வுபெற்றவர். நிறுவை அதிகாரி கபிரியேல், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் கழித்துப்போட்ட பழைய இரும்புத் தராசு ஒன்றை அவரே லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து பேரவைக்குக் கொடுத்திருந்தார். அங்கத்தவர் ஏறி நிற்க, கபிரியேல் தண்டிலுள்ள குண்டை ஒற்றை விரலால் நகர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, எடையை உரத்துச் சொல்லி எழுதுவார். சபை கைதட்டும்.

யஹ்யா ஒரு வருடம் முட்டையும் கீரையுமாக ஓட்டினார். கபிரியேல் ஒரு சனிக்கிழமை “எழுபத்திரண்டு!” என்றார். இலக்கு அதுதான். சால்வை போர்த்தினார்கள், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செய்த கற்கோடரி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடித்துச் சுவரில் மாட்டினார்கள். அந்த வாரமே யஹ்யா கதிரையை மடக்கி வைத்துவிட்டு முன் வரிசையில் நின்று, நெற்றி தரையில் பட சுஜூது செய்தார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“சேர், அப்ப நான் இனி போயிட்டு வரட்டுமா?” என்று அடுத்த கூட்டத்தில் கேட்டார்.

சபை சிரித்தது. பஸீர் சேர் சிரிக்கவில்லை.

“யஹ்யா அவர்களே, குறைப்பது ஒரு சம்பவம். பராமரிப்பது ஒரு நிர்வாகம். இலக்கை அடைந்தவரைத் தனியாக விட்டால் அவர் சந்தோஷமாக இருந்துவிடுவார். சந்தோஷமாக இருப்பவர் சாப்பிடுவார். ஆகவே உங்களைப் பராமரிப்புப் பிரிவுக்கு உயர்த்துகிறோம்.”

உயர்த்தப்பட்டவருக்கு விதிகளும் உயர்ந்தன. அரைக் கிலோ கூடினால் எச்சரிக்கை. ஒரு கிலோ கூடினால் விளக்கம் கோரல். இரண்டு கிலோ கூடினால் சுவரிலுள்ள படம் மறுபக்கம் திருப்பப்படும், ஆள் முதலாம் பிரிவில் புதியவர்களோடு போய் உட்கார வேண்டும். உட்காருவதற்கு அங்கே போட்டிருந்தது கதிரை. யஹ்யாவுக்கு அந்தக் கதிரையைக் கண்டாலே பள்ளியின் கடைசி வரிசை ஞாபகம் வந்தது. அதனால்தான் அவர் பேரவையை விடவில்லை. விட்டால் தொண்ணூற்றாறு ஓடி வந்து தொற்றிக்கொள்ளும் என்று நிஜமாகவே நம்பினார்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் அவரை உறுத்தியது. அவருடைய கடையிலும் அதே மாதிரித் தண்டும் குண்டும் உள்ள தராசு இருந்தது. வருடா வருடம் அரசாங்க முத்திரை குத்திய தராசு. அதில் ஏறினால் எப்போதும் எழுபத்து நான்கு காட்டியது. துடைத்துப் பார்த்தார், இடம் மாற்றி வைத்துப் பார்த்தார், எழுபத்து நான்கு.

“ஊர் மிளகெல்லாம் சரியா நிறுக்குது, உங்களுக்கு மட்டும் பொய் சொல்லுதா?” என்றார் மனைவி றாபியா.

“பேரவைல எழுதி சீல் வச்சிருக்காங்க புள்ள. நம்ம தராசுலதான் ஏதோ கோளாறு.”

எழுதி சீல் வைத்தது பிழையாக இருக்குமா? யஹ்யா பேரவையை நம்பினார். முப்பது வருடம் சோறு போட்ட சொந்தத் தராசைச் சந்தேகித்தார்.

பராமரிப்புப் பிரிவில் மூன்று வேளையும் பீங்கானைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், பக்கத்தில் அளவு தெரிய ஓர் அடிமட்டத்தோடு. இரண்டாவது வாரமே விளக்கம் கோரல் வந்தது. ‘படத்தின் வலது மூலையில் காணப்படும் ரொட்டி யாருடையது?’ தன்னுடைய மனைவியுடையது என்று யஹ்யா எழுதினார். ‘அதற்கு அத்தாட்சி உண்டா?’ அவர் கிராம சேவகரிடம் போனார். கிராம சேவகர் நல்ல மனிதர், அவரிடம் வதிவிட அத்தாட்சிப் படிவம் மட்டும்தான் மிச்சமிருந்தது. ‘மேற்படி ரொட்டி மேற்படி விலாசத்தில் மேற்படி மனைவியுடன் வசித்து வருகின்றதென உறுதிப்படுத்துகிறேன்’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். பேரவை அதைத் திருப்தியுடன் ஏற்றுக் கோப்பிலிட்டது. ரொட்டி அங்கே ஆறு மாதத்துக்கு மேல் வசித்தால் அத்தாட்சியைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.

பிறகு வேட்டை ஞாயிறு. ஆதிமனிதன் இறைச்சியைக் கடையில் வாங்கவில்லை என்பது தலைவரின் கண்டுபிடிப்பு. ஆகவே மாதத்தின் கடைசி ஞாயிறு, உக்குவளைப் பக்கம் ஒரு காணியில் கோழிகளைத் திறந்துவிடுவார்கள். பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அறுக்கும்போது பிஸ்மில்லா சொல்ல வேண்டுமே என்று யஹ்யா தயங்கியதும் ஒரு மணித்தியாலம் விவாதம் நடந்தது. ஆதிமனிதன் சொல்லவில்லை என்பதற்கு ஆதாரம் இல்லாததால் தாராளமாகச் சொல்லலாம் என்று தீர்ப்பானது. உடம்பு இளைத்திருந்த யஹ்யா உற்சாகத்தில் இரண்டு கோழி பிடித்துவிட்டார். மற்றவர்களுக்கு ஒரு செட்டை கூடக் கிடைக்கவில்லை. “ஆதிமனிதனிடம் குளிர்சாதனப் பெட்டி இருக்கவில்லை. இரண்டாவது கோழி பதுக்கலாகும்” என்ற பஸீர் சேர், பதுக்கலைத் தடுக்கும் பொருட்டு அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்துக்கொள்ளலாம். மகள் நுஸ்ராவின் கல்யாணம் வந்தபோதுதான் கதை முற்றியது.

மாப்பிள்ளையின் வாப்பா ஜுனைதீன். நாவுலவில் வீடு, தம்புள்ளைப் பொருளாதார மையத்தில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம். பேச்சுவார்த்தைக்கு யஹ்யா அவர் வீட்டுக்குப் போனபோது கிழங்குக் கறி, கிழங்குப் பொரியல், கிழங்குக் கட்லட் என்று மேசை நிறைய வைத்தார்கள். யஹ்யா இரண்டு அவித்த முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஜுனைதீன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் கிழங்கு விக்கிறவன்கிறதாலயா சம்மந்தி?” என்றார் கடைசியில்.

“சீச்சீ, அப்படியில்ல. எனக்கு ஒரு பேரவை இருக்கு.”

“ஆருக்கும் என்னமாச்சும் இருக்கத்தான் செய்யும். ஆனா ஒண்ணு. மாப்பிள்ள வீட்டு வலீமா விருந்துல நீங்களும் நானும் ஒரே சஹன்ல. அன்னைக்கு மட்டும் முட்டைய வீட்டுல வச்சிட்டு வாங்க.”

சஹன் என்றால் ஒரு பெரிய தட்டு. அதில் புரியாணி, சுற்றி ஆறு பேர், ஆறு கை. முதல் சஹனில் சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து கை வைப்பது அங்கே வழக்கம். வைத்த கையைப் பாதியில் எடுத்தால் சம்பந்தமே கசந்துபோகும். நுஸ்ரா அன்றிரவு வாப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வாப்பா, நான் அந்த வீட்டுல வாழப் போறவ. முதல் நாளே அவங்க முகம் சுருங்கிடக் கூடாது வாப்பா.”

யஹ்யா பேரவைக்கு விண்ணப்பித்தார். அதற்கென விசேட பொதுக்கூட்டம் கூடியது.

“சஹன் என்பது பேரவை தடைசெய்த உணவு மட்டுமல்ல” என்று தொடங்கினார் பஸீர் சேர். “அது பேரவையால் அளக்க முடியாத உணவு. ஆகவே அதைவிட ஆபத்தானது. ஒரு தட்டில் ஆறு கை. யார் எவ்வளவு எடுத்தார்? படிவத்தில் அதற்குக் கட்டம் எங்கே? இப்படி எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடத் தொடங்கினால் நாட்டில் நிர்வாகம் என்று ஒன்று எதற்கு?”

சஹனை முன்னும் பின்னும் நிறுத்து ஆறால் பிரிக்கலாம் என்றார் கபிரியேல். சின்னக் கை, பெரிய கை என்று பிரச்சினை எழுந்தது. மூன்று மணித்தியாலத்தின் பின் தீர்மானம் நிறைவேறியது. யஹ்யா ஏழு வாய் சாப்பிடலாம், எட்டாவது வாய் குற்றம். எண்ணுவதற்கு நால்வர் கொண்ட அவதானிப்புக் குழு அதே சஹனில் அமரும். கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தால் விருந்து வைப்பவருக்கு மரியாதையில்லை. ஆகவே குழுவினர் ‘மாதிரி எடுத்தல்’ என்ற வகையில் தேவையான அளவு உட்கொள்ளலாம். தேவையான அளவு எவ்வளவு என்று தீர்மானத்தில் இல்லை.

வியாழக்கிழமை வலீமா. பேரவை வாடகை வான் பிடித்து நாவுலவுக்கு வந்தது. பஸீர் சேர், கபிரியேல், இன்னும் இரண்டு அங்கத்தவர்கள், நால்வர் கையிலும் ஏடும் பேனையும். பாயில் சஹனைக் கொண்டுவந்து வைத்ததும் ஏடும் பேனையும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

“ஒண்ணு” என்றார் கபிரியேல், யஹ்யா முதல் வாய் எடுத்தபோது. பிறகு தானும் ஒரு மாதிரி எடுத்தார். அது சரியான மாதிரிதானா என்று உறுதிப்படுத்த இன்னொன்று எடுத்தார். “ரெண்டா, மூணா?” என்றார். பஸீர் சேரின் வாய் நிறைந்திருந்ததால் அவர் விரலால் ஏதோ காட்டினார். எண்ணிக்கை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியது.

சரியாக எண்ணியது யஹ்யா மட்டும்தான். ஐந்து. ஆறு. ஏழு. கையை நிறுத்தினார்.

ஜுனைதீன் அந்தக் கையைப் பார்த்தார். சஹனில் தன் பக்கமிருந்த கோழித்துண்டை மெதுவாக யஹ்யாவின் பக்கம் தள்ளினார்.

“சம்மந்தி, நல்லாப் பாருங்க. இதுல கிழங்கு இருக்கா?”

யஹ்யா பார்த்தார். இல்லை. மற்றச் சஹன்களிலெல்லாம் கோழி முட்டையளவு கிழங்கு மினுங்கியது. இதில் ஒன்றுகூட இல்லை.

“உங்களுக்கு ஒத்துக்காதுன்னு இந்தச் சஹனுக்கு மட்டும் வேறா ஆக்கச் சொன்னேன். நான் யாவாரம் தொடங்கி நாப்பது வருசம். கிழங்கில்லாத புரியாணி என் வீட்டுல இதுதான் முதல் தடவ. சமையக்காரன் எனக்குப் பைத்தியம்னு நெனச்சுட்டான்.”

பேரவையின் நான்கு கைகளும் சஹனின் நான்கு மூலையில் வேலையாக இருந்தன. யஹ்யா குனிந்து எட்டாவது வாயை எடுத்தார். பிறகு ஒன்பது. பிறகு எண்ணுவதை விட்டார். ஜுனைதீன் சத்தமாகச் சிரித்தார், பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்துத் திரைக்கு அப்பாலிருந்து நுஸ்ராவின் சிரிப்பும் கேட்டதாக றாபியா பிறகு சொன்னார். வட்டிலாப்பம் வந்தது. அதற்கும் குழு மாதிரி எடுத்தது.

சனிக்கிழமை பேரவையில் விசேட நாள். வெளிநாட்டிலுள்ள ஓர் அபிமானி அனுப்பிய டிஜிட்டல் தராசைத் திறந்துவைக்க ரிப்பன் கட்டியிருந்தார்கள். யஹ்யா முகம் வெளுத்து ஒரு மூலையில் நின்றார். இரவெல்லாம் கதிரைதான் கனவில் வந்தது.

ரிப்பனை வெட்டிவிட்டுப் பஸீர் சேரே முதலில் ஏறினார். போன வாரம் எழுபத்தெட்டு. சிவப்பு எழுத்தில் எண்பத்தொன்று என்று வந்தது.

“இயந்திரம் புதிது. பழக வேண்டும்” என்று இறங்கினார்.

அடுத்தவர் ஏறினார். இரண்டு கிலோ கூட. அதற்கடுத்தவர், இரண்டு கிலோ கூட. வலீமாவுக்கே போகாத, ஒரு வாரமாகக் கீரை மட்டும் தின்ற ஆசிரியை ஒருவர், அவரும் இரண்டு கிலோ கூட. நாற்பத்துமூன்று பேரும் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள்.

பஸீர் சேர் தொண்டையைச் செருமினார். “அன்பர்களே, இது ஒரு கூட்டுப் பின்னடைவு. ஒருவர் சஹனில் கை வைத்தார். அதன் விளைவு நாற்பத்துமூன்று உடம்பில் தெரிகிறது. ஒழுக்கம் கெட்டால் அது காற்றில் பரவும் என்று நான் எத்தனை சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறேன்! யஹ்யா அவர்களே, ஏறுங்கள்.”

யஹ்யா கலிமாவை முணுமுணுத்துக்கொண்டு ஏறினார். எழுபத்து நான்கு, இருநூறு கிராம்.

“படத்தைத் திருப்புங்கள்” என்றார் தலைவர்.

ஒருவர் எழுந்து சுவருக்குப் போனார். யஹ்யா இறங்கவில்லை, அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சேர், ஒரு நிமிசம். என் கடத் தராசுல இன்னைக்கு காலைலயும் இதேதான். போன மாசமும் எழுபத்து நாலு. அதுக்கு முந்தின மாசமும் எழுபத்து நாலு. ஆறு மாசமா எழுபத்து நாலுதான் சேர். நான் கூடவே இல்ல.”

“அப்படியானால் இங்கே எழுதப்பட்ட எழுபத்திரண்டு?”

அப்போது பிளேன்டீ தட்டோடு மரியாயி உள்ளே வந்தாள். பேரவையில் கூட்டிப் பெருக்கித் தேநீர் ஊற்றுகிறவள். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். கபிரியேல் கணக்கப்பிள்ளையாக இருந்த அதே தோட்டத்தில் இருபது வருடம் கொழுந்து பறித்தவள்.

“அதாங்க ஐயாவோட பழக்கம்” என்றாள், தட்டை வைத்துக்கொண்டே. “எங்க கொழுந்து நிறுக்கிறப்பவும் தண்ணிக்கு, கூடைக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சுத்தான் எழுதுவாரு. வெயில் காலத்துலயும் தண்ணிக் கழிவு, சாக்குல கட்டுனாலும் கூடைக் கழிவு. உங்களையும் அப்பிடித்தான் நிறுத்திருப்பாரு.”

எல்லாரும் கபிரியேலைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெருமையோடு பேசினார்.

“முப்பத்தொரு வருசம் நிறுத்த கை சேர் இது. உள்ளத உள்ளபடி எழுதச் சொன்னா இந்தக் கை ஒத்துக்காது. மனுசன் உடம்புலயும் தண்ணி இருக்கு, துணிமணி இருக்கு. கழிக்காம எப்பிடி எழுதுறது? தோட்டத்துல கழிச்சேன், தொரை சந்தோசப்பட்டாரு. இங்க கழிச்சேன், நீங்க எல்லாருமே சந்தோசப்பட்டீங்க. ஒவ்வொரு தடவையும் கைதட்டுனீங்களா இல்லையா?”

தட்டினார்கள்தான்.

“எங்ககிட்ட கழிச்சப்ப யாரும் கைதட்டலைங்க” என்று சொல்லிவிட்டு மரியாயி வெற்றுக் கோப்பைகளைப் பொறுக்கினாள்.

பேரவை இரண்டு மணித்தியாலம் கூடிப் பேசி ஏகமனதாகத் தீர்மானம் எடுத்தது. டிஜிட்டல் தராசு மலைநாட்டுச் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாததால் அபிமானிக்கு நன்றியுடன் திருப்பி அனுப்பப்படும். பழைய தராசு தொடர்ந்து பாவிக்கப்படும். கபிரியேல் ஆயுட்கால நிறுவை ஆலோசகராக உயர்த்தப்படுவார். யஹ்யா சுவரிலிருந்து தன் படத்தைத் தானே கழற்றி, கூட மாட்டியிருந்த கற்கோடரியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். சூரியன் பளிச்சென்று இருந்தது. அவருக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, சிரித்தார். தளபாடக் கடைக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

இப்போதும் அவர் காலையில் முட்டையும் கீரையும்தான். மத்தியானம் கொஞ்சம் சோறு. நாவுலவுக்குப் போனால் ஒரே ஒரு கிழங்குக் கட்லட், ஜுனைதீன் பார்க்கும்படியாக. மாதத்துக்கு ஒருமுறை கடைத் தராசில் ஏறுவார். எழுபத்து நான்கு. பள்ளியில் முன் வரிசை.

போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடை திறந்தபோது வாசலில் பஸீர் சேர் நின்றார். சப்பாத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி வைத்துவிட்டுத் தராசில் ஏறினார். இலக்கத்தைப் பார்த்தார்.

“மிளகுக்குச் சாக்கு எவ்வளவு கழிப்பீங்க யஹ்யா நானா?” என்றார் மெல்ல.

“அது சாக்குக்குத்தான் சேர். ஆளுக்குக் கழிவு இல்ல.”

பஸீர் சேருக்குப் பின்னால் ஆசிரியை, ஆசிரியைக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். இங்கே நிஜ எடையைத் தெரிந்துகொண்டு, ஒன்பது மணிக்குப் பேரவைக்குப் போய் நல்ல எடையை வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடாம். வரிசையில் கபிரியேலும் நின்றார். அவருக்குப் பின்னால், வீட்டு முற்றத்தில் காய்த்த மிளகை ஒரு பையில் கட்டிக்கொண்டு மரியாயி.

கபிரியேலின் முறை வந்தது. ஏறி நின்றார், ஒரு கண்ணை மூடினார். விரல் தானாக நீண்டு தண்டிலுள்ள குண்டை எடை குறையும் இடதுபக்கமாக நகர்த்தப் போனது.

“கைய எடுங்கய்யா” என்றாள் மரியாயி.